பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பாடம்?

தெற்கு அந்தமானில் ஃபெரார்கஞ்ச் வட்டத்தைச் சேர்ந்த ஊர் சௌல்தாரி. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து இத்தீவுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், சௌல்தாரி போன்ற ஊர்களிலிருந்து பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்கள் பத்தாம் வகுப்பை முடித்தவுடன் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எப்பாடங்களைப் பயில விருப்பம் என்று அப்படிவம் வினவுகிறது. நிரப்புவதற்கு ஐந்து மணித்துளி போதும். ஆனால் அதில் எழுதப்படும் நான்கைந்து பாடப்பெயர்கள், பதினெட்டு வயதில் எக்கல்லூரி வாயிலில் நிற்கலாம், எவ்வாயிலில் நிற்க இயலாது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன.

இம்முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? பல வீடுகளில் மதிப்பெண்ணே முடிவு செய்கிறது. மிகுதியான மதிப்பெண் பெற்றவர் அறிவியல், நடுத்தர மதிப்பெண் பெற்றவர் வணிகவியல், குறைவாகப் பெற்றவர் கலைப்பிரிவு என்று படிக்கட்டுப் போல வரிசை அமைத்துவிட்டனர். மதிப்பெண் ஒருவர் எவ்வளவு படித்தார் என்பதைக் காட்டும். எதைப் படிக்க வேண்டும் என்பதைக் காட்டாது. சில வீடுகளில் மாமா மகன் எடுத்த பாடமே தம்பிக்கும் தங்கைக்கும் வந்து சேர்கிறது. வேறு சில வீடுகளில், அருகிலுள்ள பள்ளியில் எப்பிரிவு இருக்கிறதோ அதுவே தெரிவாகிவிடுகிறது. தீவு வாழ்வில் இந்தக் கடைசிக் காரணத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாப் பிரிவுகளும் இருப்பதில்லை. 2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேயர் என்றும், அதன்பின் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் தலைநகருக்கு நாள்தோறும் சென்று படிப்பதென்றால், பேருந்துக் கட்டணத்தையும் வழியில் கழியும் நேரத்தையும் பெற்றோர் கணக்கிடத்தான் வேண்டும். அக்கணக்குடன், அப்பாடம் எவ்வழியைத் திறக்கும் என்ற கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

இதே கேள்வியை எதிர்கொண்ட மற்றொரு தீவுப் பிள்ளையின் வரலாறு பலரும் அறிந்தது. ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 1931ஆம் ஆண்டு இராமேசுவரம் தீவில் பிறந்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறக்கும் விதத்தை விளக்குவதற்காக மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்றார். அன்று பறத்தலின்பால் தோன்றிய ஆர்வம் கலாமை விட்டு நீங்கவே இல்லை. இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்தார். அதனை முடித்ததும் அங்கேயே இயற்பியல் பட்ட வகுப்பில் சேர்ந்து, 1954இல் பட்டம் பெற்றார்.

பட்டப்படிப்பின் இறுதியில்தான் தமக்குரிய துறை இயற்பியல் அன்று, பொறியியல் என்பதை அவர் உணர்ந்தார். இடைநிலை வகுப்பை முடித்தவுடனேயே பொறியியலுக்குச் சென்றிருக்க வேண்டும். அப்படியொரு வழி இருப்பதே அப்போது தமக்குத் தெரியவில்லை என்று 'அக்னிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார். அறிவுக்கும் உழைப்புக்கும் அங்கே குறைவில்லை. தகவல் ஒன்றுதான் அந்தத் தீவுக்கு வந்து சேரவில்லை.

நல்வாய்ப்பாக, 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு மூன்றாண்டுப் பொறியியல் படிப்பை நடத்தி வந்தது. அங்கே இடம் கிடைத்தது. ஆனால் சேர்வதற்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கை ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியைச் சேர்த்தார். கல்லூரியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்த பழைய வானூர்திகள் இரண்டும் கலாமை ஈர்த்தன. அவர் வானூர்திப் பொறியியலைத் தெரிவு செய்தார்.

இவ்வரலாறு பொதுவாக விடாமுயற்சிக்குச் சான்றாகக் கூறப்படும். அதில் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. கலாம் தெரியாமல் எடுத்த இயற்பியல் அவருக்குச் சில ஆண்டுகளை இழக்கச் செய்தது. ஆனால் வழியை அடைக்கவில்லை. இயற்பியல் பட்டம் இருந்தமையால்தான் அக்கல்லூரியில் விண்ணப்பிக்கவே முடிந்தது. அறிவியலும் கணிதமும் இல்லாத பட்டம் ஒன்றை அவர் பெற்றிருந்தால், தமக்கையின் வளையலாலும் அக்கதவைத் திறந்திருக்க முடியாது. பதினைந்து வயதில் எல்லாவற்றையும் சரியாக முடிவு செய்ய யாராலும் இயலாது. பின்னாளில் மனம் மாறினாலும் செல்வதற்கு வழி இருக்குமாறு பாடங்களை எடுப்பது இயலும்.

அதற்கு ஒரு முறை உண்டு. பாடத்திலிருந்து பணியை நோக்கிச் செல்லாமல், பணியிலிருந்து பாடத்தை நோக்கிப் பின்னோக்கி வர வேண்டும். இப்பணிக்கு எந்தப் படிப்பு வேண்டும்? அப்படிப்பில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் எப்பாடங்கள் கட்டாயம்? ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அறிவிப்பிலும் 'தகுதி' என்ற தலைப்பின்கீழ் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். கட்டடங்களின் படங்களையும் புகழுரைகளையும் விட அவ்வரிகளே மாணவருக்குப் பயன்படுவன.

கப்பலை எடுத்துக்கொள்ளலாம். அந்தமானில் வளரும் பிள்ளைக்குக் கப்பல் புதுமையன்று. சென்னையிலிருந்து தீவுக்கு வரும் பயணிகள் கப்பல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்க மூன்று நாள் அளவு எடுத்துக்கொள்கிறது. அக்கப்பலின் மேல்தளத்தில் அதிகாரியாக நிற்க விரும்பும் மாணவர், நாட்டிகல் சயின்ஸ் எனப்படும் கப்பலோட்டும் கல்வியைப் பயில வேண்டும். 2008இல் நிறுவப்பட்ட, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் அதற்கான நுழைவுத் தேர்வை நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். அவற்றில் பொதுவாக 60 விழுக்காடு வேண்டும். அத்துடன், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் 50 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். ஆங்கில மதிப்பெண் கப்பலுக்குத் தேவைப்படும் என்று பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் இப்பணியில் சேர முடியாது. ஆகவே பாடம் தெரிவு செய்யும் முன்பே கண் மருத்துவரிடம் காட்டிக்கொள்வது இரண்டாண்டு உழைப்பைக் காக்கும்.

மருத்துவத்திற்குச் செல்வோர் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றைப் பயின்று, நீட் தேர்வை எழுத வேண்டும். 2015 முதல் தலைநகரிலேயே அந்தமான் நிகோபார் தீவுகள் மருத்துவ அறிவியல் நிறுவனம் இயங்கி வருவதால், தீவு மாணவர்க்கு இவ்வழி முன்னைவிட அருகில் வந்துள்ளது. செவிலியர் பட்டப்படிப்புக்கும் இதே பாடங்கள்தாம் வேண்டும். ஆனால் செவிலியர் பட்டயப் படிப்புக்குக் கலைப்பிரிவு மாணவரும் செல்லலாம். ஒரே மருத்துவமனையில், ஒரே சீருடையில் நிற்கும் இருவர் வெவ்வேறு பாடவழியாக வந்திருக்கக்கூடும். 'அறிவியல் எடுக்காவிட்டால் செவிலியர் ஆக முடியாது' என்று அக்கம்பக்கத்தார் கூறுவதை அப்படியே நம்பித் துயருற வேண்டியதில்லை.

காடும் கடலும் இத்தீவுகளின் செல்வம். நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. தெற்கு அந்தமானின் வண்டூரில் 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் பவளப் பாறைகள் பாதுகாக்கப்படுகின்றன. பவளப் பாறையை ஆராய விரும்புவோர் உயிரியலைக் கைவிடலாகாது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இத்தீவிலேயே தன் வளாகத்தில் கடல் உயிரியல் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. காட்டைக் காக்கும் உயர் அதிகாரியாக விரும்புவோர்க்கு ஒரு நுட்பமான செய்தி உண்டு. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதலாம். வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் மாவட்ட ஆட்சியர் ஆகலாம். இந்திய வனப் பணிக்கு அப்படியன்று. தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றேனும் பட்டப்படிப்பில் இருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் ஆகியவற்றில் ஒரு பட்டம் வேண்டும். மரங்களின்மீது எவ்வளவு அன்பு இருந்தாலும், பதினொன்றாம் வகுப்பில் அறிவியலை விட்டவர்க்கு அத்தேர்வு மிகத் தொலைவாகிவிடும்.

எல்லாப் பணிகளும் இவ்வாறு கட்டுப்பாடு விதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சட்டம் பயில எப்பிரிவும் ஏற்கத்தக்கது. விடுதி மேலாண்மைக்கு ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். சுற்றுலாவால் வாழும் தீவில் இது சிறு செய்தியன்று. பட்டயக் கணக்காளர் தேர்வின் முதற்படிக்கு அறிவியல் மாணவரும் கலை மாணவரும் வரலாம். இத்துறைகளில் செல்ல உறுதி கொண்ட பிள்ளையை, 'மதிப்பெண் நன்றாக இருக்கிறதே' என்று கூறி விருப்பமில்லாத இயற்பியலில் அமர்த்துவது இரண்டாண்டுகளை வீணாக்குவதாகும்.

கணிதம் பற்றித் தனியே கூற வேண்டும். மாணவர் பலரும் முதலில் கைவிட நினைக்கும் பாடம் அது. கைவிட்டபின் மிகுதியான கதவுகள் அடைபடுவதும் அதனால்தான். பொறியியல், கட்டடக்கலை, கப்பல், புள்ளியியல் ஆகியவற்றுக்குக் கணிதம் வேண்டும் என்பது தெரிந்ததே. பொருளியலுக்கும் அது வேண்டியிருக்கிறது என்பது பலர்க்குப் பிந்தித்தான் தெரிய வருகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்டம் பயில விரும்பும் வணிகவியல் மாணவர், கணிதம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது.

இத்துடன், முடிவெடுக்கும் காலம் பதினொன்றாம் வகுப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டின் பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணித வினாத்தாளைத் தரநிலை, அடிப்படை என இரு நிலைகளில் வழங்குகிறது. இரண்டிற்கும் பாடத்திட்டம் ஒன்றே. வகுப்பில் நடத்தப்படுவதும் ஒன்றே. வினாக்களின் கடினம் மட்டுமே வேறு. அடிப்படை நிலை, மேல்வகுப்பில் கணிதம் பயில எண்ணாதவர்க்காக ஏற்பட்டது. அதனை எழுதியவர் பின்னர்ப் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்க விரும்பினால், தரநிலைத் தேர்வையும் எழுதித் தேற வேண்டும் என்பதே முதலில் வகுத்த விதி. சில ஆண்டுகளில் அவ்விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் தளர்வை நம்பித் திட்டமிடுவது பொருந்தாது. எளிதாகத் தேறிவிடலாம் என்று அடிப்படை நிலையைக் குறிப்பிடும் மாணவர், தாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்தே குறிப்பிட வேண்டும். 2020–21 முதல் பயன்பாட்டுக் கணிதம் என்ற பாடமும் மேல்வகுப்புகளில் உள்ளது. வணிகவியல், சமூக அறிவியல் மாணவர்க்கு அது மிகவும் ஏற்றது. பொறியியலுக்கு அதை நம்ப முடியாது. இரு பாடங்களின் பெயரிலும் கணிதம் என்ற சொல் இருப்பதால் குழப்பம் நேர்கிறது.

இன்னும் முடிவுக்கு வராத பிள்ளைகள் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் ஆங்கிலத்துடன் எடுப்பதுண்டு. இரு வழிகளும் திறந்திருக்கும், சுமையும் கூடும். நாள்தோறும் பேருந்தில் நெடுந்தொலைவு சென்று வரும் மாணவர் அச்சுமையைத் தாங்க முடியுமா என்பதை அவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருப்பமான ஒரு பாடத்தில் மட்டும் சிறந்து விளங்கினால் போதாதா என்ற கேள்வி எழும். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைப் புறக்கணித்தார். ஆங்கிலத்தில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் கணிதம் தவிர்ந்த பாடங்களே அவரைத் தடுத்தன. பட்டம் இன்றி, 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தார். கேம்பிரிட்ஜ் அவரைக் கண்டுகொண்டது என்பது உண்மையே. ஆனால் அவ்வளவு பெரிய மேதைக்கே இடையில் அத்தனை ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. ஆங்கிலம், அவர்க்குப் பிடிக்காத பாடமாயினும், அவர் செல்லும் வழியில்தான் நின்றது.

எடுத்த பாடத்தை மாற்றிக்கொண்டு வென்றவரும் உண்டு. வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தார். மூன்று வயதில் பெற்றோருடன் குசராத்தின் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே வளர்ந்தார். அவரும் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையே. 1971இல் இயற்பியலில் பட்டமும், 1976இல் அமெரிக்காவில் அதே துறையில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன் பின்னர்த் தம் ஆர்வம் உயிரியலில் இருப்பதை உணர்ந்து, முனைவர் பட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இளம் மாணவர்களுடன் அமர்ந்து இரண்டாண்டுகள் உயிரியலைத் தொடக்கத்திலிருந்து பயின்றார். உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் வழங்கப்பட்டது. இயற்பியலில் தொடங்கி, உயிரியலுக்குச் சென்று, வேதியியலில் பரிசு பெற்ற பயணம் இது.

பள்ளி மாணவருக்கும் மாற்றத்திற்குச் சில வழிகள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுக்காதவர், பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் தேர்வுக்கு வரலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. கதவு திறக்கிறது; ஆனால் அதற்கு ஓர் ஆண்டேனும் விலையாகக் கொடுக்க வேண்டும்.

இந்த வரிசையில் தமிழுக்கு இடம் உண்டா? புலம்பெயர்ந்தோர் வீடுகளில் பத்தாம் வகுப்புடன் தமிழை விட்டுவிடலாமா என்ற பேச்சு எழுவது வழக்கம். உணர்ச்சியை ஒதுக்கிவைத்து, தகுதி வரிகளை மட்டும் பார்த்தாலும் விடை கிடைக்கும். இந்திய ஆட்சிப் பணிக்கான முதன்மைத் தேர்வில் இந்திய மொழி ஒன்றில் தகுதித்தாள் எழுத வேண்டும். தமிழ் அவற்றுள் ஒன்று. விருப்பப் பாடமாகத் தமிழிலக்கியத்தையும் எடுக்கலாம். தமிழ்நாட்டிற்குத் திரும்பிச் சென்று அரசுப் பணியில் சேர நினைப்போர்க்கு, 2021இல் பிறந்த அரசாணைப்படி, பத்தாம் வகுப்புத் தரத்திலான தமிழ்த் தகுதித் தேர்வில் குறைந்தது 40 விழுக்காடு கட்டாயம். பெற்றோரின் ஊரில் பணிபுரிய விரும்பும் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாத தமிழால் அவ்வாயிலைக் கடக்க முடியாது. தீவில் தமிழாசிரியர் ஆவதற்குத் தமிழில் பட்டமும் கல்வியியல் பட்டமும் வேண்டும். மத்திய வாரியத்தின் மேல்வகுப்புகளில் தமிழ் ஒரு விருப்பப் பாடமாக உள்ளது. பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருந்தால், ஐந்து பாடங்களுடன் ஆறாவதாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

விதிமுறைகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. எனவே அண்ணன் சேர்ந்த ஆண்டின் விதியை வைத்துத் தம்பியின் பாடத்தை முடிவு செய்யக் கூடாது. அந்த ஆண்டின் அறிவிப்பையே பார்க்க வேண்டும். தலைநகரிலுள்ள சவகர்லால் நேரு அரசுக் கல்லூரியிலும், அம்பேத்கர் தொழில்நுட்ப நிறுவனத்திலும் நேரில் சென்று கேட்கலாம். இத்தீவு மாணவர்க்குப் பெருநிலத்துக் கல்லூரிகளில் ஒதுக்கப்படும் இடங்களைப் பற்றித் தீவு நிர்வாகத்தின் கல்வித்துறையில் வினவலாம். அப்பா கட்டட வேலைக்குச் செல்பவராயினும், அம்மா பள்ளி செல்லாதவராயினும், 'இப்படிப்பில் சேர என்ன பாடம் வேண்டும்?' என்று கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை. அக்கேள்விக்கு விடை கூறுவது அலுவலரின் கடமை.

பதினொன்றாம் வகுப்பில் பதிவு செய்த பாடங்களையே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் எழுத வேண்டும் என்பது வாரியத்தின் பொது விதி. மாற்ற வேண்டுமானால், தொடக்கத்தின் சில வாரங்களே உகந்தவை. ஆதலால், பத்தாம் வகுப்புத் தேர்வுக்கும் முடிவு வெளிவருவதற்கும் இடைப்பட்ட விடுமுறை மிகவும் பயனுள்ள காலம். மேல்வகுப்பு அக்காமாரிடமும் அண்ணன்மாரிடமும் பழைய பாடநூல்களை இரவல் வாங்கலாம். கணித நூலின் முதல் இயலாகிய கணங்கள், உயிரியலின் முதல் இயல், கணக்குப்பதிவியலின் முதல் இயல், வரலாற்றின் முதல் இயல் ஆகியவற்றைப் படித்து, அவற்றின் இறுதியில் உள்ள பயிற்சிகளைத் தாமே செய்து பார்க்கலாம். எந்த நூலைத் திறந்தபோது இரண்டாம் இயலுக்கும் கை தானாகச் சென்றது என்பதை அப்போது குறித்து வைத்துக்கொண்டால், படிவம் வரும் நாளில் பேனாவைப் பிடித்தபடி யோசிக்க நேராது.